அயர்லாந்துப் பாட்டும் அக்காவின் அடுப்பும்

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாய்ப் பிறந்து, பெற்றோர் போன பின் எனக்குத் தாயுமாய் நின்ற அக்கா, இந்த ரொறன்ரோ நகரில் எங்களை விட்டுப் போய்விட்டார். அவருடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த மலர் இருக்கிறது. முன்பக்கங்களில் பதிகங்கள் உள்ளன, ஆறுதலாக ஓதுங்கள். இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போவது அயர்லாந்துக்காரரின் பழைய பாட்டுகளைப் பற்றி.

"நினைவு மலரிலை கண்டறியாத இங்கிலிஸ் பாட்டுக்கதை என்னத்துக்கு?" என்று பெரியம்மாவின் மகன் பெரியண்ணை கேட்டார். பெரியண்ணை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அக்காவின் கனடா வாழ்க்கையை அந்தப் பாட்டுகளை விட்டுவிட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. சொன்னால் அது வேறு யாரோ ஒரு பெண்ணின் கதையாய்ப் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் அத்தானின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் இல்லை. தவறவிட்டுவிட்டோமா என்று பலர் ரெலிபோனில் கேட்டீர்கள். நாங்கள் தவறவிடவில்லை. அந்தச் சொல்லுக்காக இந்தக் குடும்பம் மூன்றரை வருடம் சண்டை பிடித்திருக்கிறது.

அக்கா கொக்குவிலில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார், அம்மா அதன் பின் அதிக காலம் இருக்கவில்லை. அக்கா படிப்பை நிறுத்தி என்னைப் படிப்பித்தார். அவர் குணத்தைப் பற்றி மலருக்காகப் பொய் எழுத மாட்டேன். பொறுமைசாலி, சாந்தசொரூபி என்றெல்லாம் எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். பிடிவாதமென்றால் அப்படியொரு பிடிவாதம். கடையில் அழுகின தேங்காயைத் தந்துவிட்டால், நல்லது கைக்கு வரும்வரை வாசலை விட்டு நகரமாட்டார். கடைக்காரர்கள் அவர் வருவதைக் கண்டாலே நல்ல தேங்காயை எடுத்து வைப்பார்கள்.

அத்தான் உபதபாற் கந்தோரில் வேலை பார்த்தார். அமைதியான மனிதர். அக்கா பத்துச் சொல் சொன்னால் அவர் ஒரு சொல் சொல்வார், அந்த ஒன்றில் அக்கா அடங்கிவிடுவார். அவருடைய தாயாருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளை என்று இருந்தது அத்தான் ஒருவர்தான். தொண்ணூற்றிரண்டில் நான் இங்கிருந்து இருவருக்கும் பயணம் ஒழுங்கு செய்தபோது, அத்தான் அக்காவை மட்டும் அனுப்பினார்.

"நீர் முன்னாலை போம். அம்மாவை விட்டிட்டு நான் வரேலாது. அவவின்ரை காரியம் முடிய வாறன்," என்றாராம்.

அக்கா அதற்குச் சம்மதித்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்காத காரியம். கேட்டால், "அவர் ஒருக்காச் சொன்னா முடிஞ்சுது" என்பார்.

அப்போது நான் நாலு பொடியன்களோடு ஓர் அறையில் கிடந்தேன். அக்காவுக்கு மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற் பார்த்துக் கொடுத்தேன். வீட்டுக்காரி மிஸிஸ் டிலேனி. அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து குமரியாய்க் கப்பலேறி வந்து, வீடுகளில் வேலை செய்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, புருஷனைப் புதைத்துவிட்டுத் தனியே இருந்தவர். பிள்ளைகள் அல்பேட்டாவில். அவரிடம் ஒரு பழைய ரெக்கோட் பிளேயரும் ஓர் அலுமாரி நிறைய இசைத்தட்டுகளும் இருந்தன. பாண் சுடுகிற ஃபக்டரியில் வேலை முடித்து அக்கா வந்து படுத்தால், தலைக்கு மேலே பாட்டுத் தொடங்கிவிடும்.

"தம்பி, உவ என்ன பாட்டுக் கேக்கிறா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டார். "சொல்லுறது செத்தவீட்டுக் கதை மாதிரிக் கிடக்கு. தாளம் கலியாண வீட்டுத் தாளமாய்க் கிடக்கு."

மேலே போய் இருந்து கேட்டுக் கருத்துச் சொன்னேன். எல்லாம் ஒரே கதைதான். ஊரை விட்டுக் கப்பலேறிப் போன ஒருவன், பெரிய பட்டணத்தில் கல்லும் மண்ணும் சுமந்துகொண்டு, வாசலில் நிற்கும் தாயின் நரைத்த தலையை நினைத்து உருகுகிறான். அடுத்த தட்டில் இன்னொருவன், விட்டுவிட்டு வந்த பெண்ணை நினைத்து உருகுகிறான். திரும்பி வருவேன், காத்திரு என்கிறான். மிஸிஸ் டிலேனி எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சிரித்தார். இவற்றில் முக்கால்வாசியை எழுதியவர்கள் நியூயோர்க்கில் நாடகக் கொட்டகைக்குப் பாட்டு விற்றவர்களாம். அயர்லாந்தைக் கண்ணால் கண்டிராதவர்களாம். தெரிந்தும் அழுகை வருகிறதே, நான் என்ன செய்ய என்றார்.

அக்கா எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். "எல்லாம் போனவன் பாடுற பாட்டு," என்றார். "வாசலிலை நிக்கிறவை பாடின ஒண்டும் இல்லையோ எண்டு கேள்."

கேட்டேன். மிஸிஸ் டிலேனி அலுமாரியைப் பார்த்து யோசித்துவிட்டு, இல்லை என்றார்.

"இருக்காது," என்றார் அக்கா. "நிக்கிறவைக்கு வேலை கிடக்கு. உன்ரை அத்தான் உந்தப் பாட்டுக்காரர் மாதிரி இல்லை. அவர் தாயை விட்டிட்டு வந்து பாட்டுப் படிக்கேல்லை." அதைச் சொல்லும்போது குரலில் பெருமையும் இருந்தது, கோபமும் இருந்தது. பிறகு தேநீரைக் குடிக்காமல் கீழே போய்விட்டார்.

அந்தக் காலத்தில் கடிதத்தைவிடக் கசெற்றில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். அக்கா கீழே இருந்து பேசிப் பதிவார், மேலே பாட்டு ஓடும், இரண்டும் சேர்ந்தே கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் போகும். அங்கே கரண்ட் இல்லை. அத்தான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற்றைப் போட்டுக் கேட்பாராம். "சுத்துறது குறைஞ்சா நீரும் கிழவியின்ரை பாட்டும் சேர்ந்து இழுபடுறியள்," என்று எழுதியிருந்தார். தாயாருக்கு அந்தப் பாட்டுகள் பிடித்துவிட்டதாகவும், விளங்காமலே கேட்டுக்கொண்டு படுத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு நன்றாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததைப் பிறகு நான் காணவில்லை.

தொண்ணூற்றைந்து பிற்பகுதியில், ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. ஒரே இரவில் அத்தனை சனமும் நாவற்குழிப் பாலத்தால் இறங்கி நடந்த கதையை உங்களில் பலர் நடந்தே அறிந்தவர்கள். அதன் பின் அத்தானிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வன்னியிலிருந்து வந்தவர் என்று யாரைக் கேள்விப்பட்டாலும் அக்கா பஸ் பிடித்துப் போய் விசாரித்தார். பிக்கரிங் போனார், மிசிசாகா போனார். அவர்கள் கதவைத் திறக்கும்போதே அக்கா அத்தானின் படத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை காலை பெரியண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்தார். அஜக்ஸில் ஒரு குடும்பத்திடம் புதிதாக வந்து சேர்ந்தவர், இடப்பெயர்வன்று அத்தானைக் கண்டவராம்.

"ஆள் இல்லையடா," என்றார். "நீ ஒண்டும் வாய் திறவாதை. நாங்கள் மத்தியானம் எல்லாரும் போய்ப் பக்குவமாய்ச் சொல்லுவம்."

நான் முன்னதாகப் போய்விட்டேன். வாசலில் மிஸிஸ் டிலேனி என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். கீழே அக்கா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். வேலைத்தலக் கதைகள் சொன்னார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

பன்னிரண்டரை மணியளவில் அவர்கள் படியிறங்கி வந்தார்கள். முன்னால் பெரியம்மா, கையில் மூடிய சோற்றுப் பானை. பின்னால் மருமகள், கறிச் சட்டி. அதற்குப் பின்னால் பெரியண்ணை. பக்குவமாய்ச் சொல்ல வந்தவர்கள் சாப்பாட்டோடு வந்து நின்றார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, இனசனந்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று எத்தனை தலைமுறையாய்ப் பழகிய கை. பெரியம்மா யோசித்திருக்கவே மாட்டா. எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும் விடமுடியாத பிழை அது.

அக்கா பானையைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆர், பெரியம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியண்ணைதான் சொன்னார். அத்தான் தாயாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சீற்றோடு சேர்த்துச் சேலையால் கட்டி உருட்டிப் போனாராம். செல் குண்டு விழுந்ததாம். சனம் சிதறி ஓடித் திரும்பி வந்தபோது அத்தானின் சைக்கிள் தெருவோரம் கிடந்ததாம், இரத்தத்தோடு.

"பிறகு ஆளைக் கண்டவரோ?"

"சைக்கிளைக் கண்டவர், பிள்ளை."

"மாமியைக் கண்டவரோ?"

"இல்லை. ஆனா ஆறேழு மாசமாய் ஒரு தகவலும் இல்லை. ஐயரோடை கதைச்சனான். ஒரு நாளைப் பாத்து அந்தியேட்டியைச் செய்துவிடுவம். அந்த ஆத்துமாவும் அந்தரிக்கக் கூடாது."

"அப்ப சைக்கிளுக்கு அந்தியேட்டி செய்யுங்கோ," என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து மேலே பாட்டுத் தொடங்கியது. இருந்ததிலேயே சோகமான தட்டு, வழமையைவிடச் சத்தமாய். படியில் காலடி கேட்டது. மிஸிஸ் டிலேனி கறுத்த உடுப்புப் போட்டுக்கொண்டு, ஒரு விஸ்கிப் போத்தலும் சின்னச் சின்னக் கிளாஸ்களுமாய் வந்து நின்றார். அவர்கள் ஊரில் செத்தவீடென்றால் அப்படித்தான், பாட்டும் குடியும் இல்லாமல் விடுவது இறந்தவருக்கு அவமரியாதையாம். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. "உது என்னடி கோதாரி," என்று மருமகளின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது.

அக்கா ஒருவரையும் பார்க்காமல் படியேறிப் போனார். ஊசி தட்டில் கீறுகிற சத்தம் கேட்டது. பாட்டு நின்றது. திரும்பி வந்து தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிஸிஸ் டிலேனியிடம், மனிசன் சாகவில்லை, பாட்டு வேண்டாம் என்றார். பிறகு பெரியம்மாவின் பானையைத் திறக்காமலே எடுத்து வாசலடியில் வைத்தார். எலக்ரிக் அடுப்பைப் போட்டார். அரிசியைக் கழுவினார். பருப்பை வைத்தார், அரிந்த லீக்ஸை வதக்கினார்.

"இந்த வீட்டிலை அடுப்பு எரியுது," என்றார். "எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சாவுத் துடக்குள்ள வீட்டில் சமைத்ததை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். சாப்பிட்டால் சாவு இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரியண்ணை எழும்பி, "உனக்கு விசர் பிடிச்சிட்டுது," என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் காருக்குள் இருந்தார். பெரியம்மா கனநேரம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு நிலத்தில் உட்கார்ந்து சோற்றுக் கோப்பையை நீட்டினா. "போடு பிள்ளை," என்றா. அழுதுகொண்டே சாப்பிட்டா. நானும் சாப்பிட்டேன். அக்கா மிஸிஸ் டிலேனிக்கும் ஒரு கோப்பை போட்டார். உறைப்பில் கண்ணால் மூக்கால் ஓட அவரும் முடித்தார்.

அத்தான் இல்லை என்றுதான் நான் நம்பினேன். அதை இங்கே மறைக்கத் தேவையில்லை. ஆனால் அக்காவோடு நின்றேன். அவர் ஒவ்வொரு நாளும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கலியாண வீடுகளில் ஆராத்தி எடுக்கப் பெண்களைக் கூப்பிடும்போது அவரைத் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் தாலிக்கொடியை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு முன்வரிசையிலேயே இருப்பார். பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசும்.

மிஸிஸ் டிலேனி அதன் பின் பாட்டே போடவில்லை. மாதக்கணக்கில் வீடு செத்துக் கிடந்தது. கடைசியில் அக்காதான் மேலே போய், "பாட்டு என்ன பாவம் செய்தது, போடுங்கோ," என்றார். அன்று வேறொரு சண்டை வந்தது. இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்தேன். காத்திரு என்று பாட்டில் சொல்வது சுலபம் என்றார் மிஸிஸ் டிலேனி. ஒரு தட்டு மூன்று நிமிஷம் ஓடும், மூன்று நிமிஷம் யாராலும் காத்திருக்க முடியும். நீ இளம் பெண், உன் வாழ்க்கையைப் பார் என்றார். நான் அதைக் கொஞ்சம் பதமாய்ச் சொல்லப் பார்த்தேன்.

"அவ சொன்னமாதிரியே சொல்லு," என்றார் அக்கா. சொன்னேன்.

"நான் காத்திருக்கேல்லை எண்டு சொல்லு. நான் அவரைச் சாக்காட்டேல்லை. அவ்வளவுதான். நான் ஓமெண்டு சொன்னா அவர் செத்துப்போவார். நான் சொல்லமாட்டன்."

இதை ஆங்கிலத்தில் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மிஸிஸ் டிலேனி கேட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பிற்பகலில் இருவரும் சேர்ந்திருந்து பாட்டுக் கேட்பார்கள். எந்த வரியில் எவன் பொய் சொல்கிறான் என்று அக்கா கண்டுபிடிப்பார். "இவன் திரும்பிப் போகான்," என்பார். "குரலிலையே தெரியுது."

போன வருடம் அக்காவுக்கு வருத்தம் கண்டது. கண்டபோதே முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் நினைவு தெளிவாக இருந்த ஒரு பகல், என்னைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் போனாப்பிறகு இவை உன்னைப் பிடிப்பினம். பொட்டை அழிக்கச் சொல்லுவினம். வெள்ளைச் சீலை கட்டச் சொல்லுவினம். நீ விடக்கூடாது."

"விசர்க்கதை கதையாதையுங்கோ அக்கா."

"விடமாட்டன் எண்டு சொல்லு."

விடமாட்டேன் என்றேன். அத்தானைப் பற்றி ஏதாவது தெரியுமா, எப்படி இவ்வளவு நிச்சயமாய் இருக்கிறீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். "நிச்சயம் ஒண்டும் இல்லையடா," என்றார். "எனக்கும் பயந்தான்." கனடா வந்த ஏழு வருடத்தில் அவர் வாயால் அதைக் கேட்டது அன்றுதான். நாலாம் நாள் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. உடலை வைத்திருந்த மலர்ச்சாலையின் பின்னறையில், உடுத்த வந்த பெண்கள் இரண்டு பக்கமாய் நின்றார்கள். புருஷனை முந்திப் போகிற பெண்ணைத்தான் கூறை கட்டி, பொட்டும் பூவும் வைத்து அனுப்புவது. புருஷன் போனவளுக்கு அது செய்தால் பழி என்றார்கள். பெரியண்ணை, "உயிரோடை இருக்கேக்கை அவ விளையாடினது போதும். இது சாத்திரம்," என்றார். ஐயர், குடும்பத்தார் சொல்கிறபடி செய்வேன் என்று ஒதுங்கிக்கொண்டார். வெளியே சனம் வந்து குவிந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்காரர் ரெலிபோனில் காத்திருந்தார். அறிவித்தல் அச்சுக்குப் போகவேண்டும், அத்தானின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் செத்துவிட்டார் என்று நம்பிய நான், "ஒண்டும் போடவேண்டாம், பெயரை மட்டும் போடுங்கோ," என்றேன். கூறையைப் பெரியம்மாவின் கையில் கொடுத்தேன். பெரியம்மா பெரியண்ணையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தன் கையால் உடுத்தி, குங்குமத்தைப் பெரிதாய் வைத்தா.

பதிகம் ஓதி முடிந்தபின் மிஸிஸ் டிலேனி தடியை ஊன்றிக்கொண்டு வந்து, தான் ஒரு பாட்டுப் பாடலாமா என்று கேட்டார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். "பாடட்டும். அவவின்ரை முறை அது," என்றா. உடைந்த குரலில் ஒரு தட்டின் பாட்டை முழுதாய்ப் பாடினார். விளங்காதவர்களும் அழுதார்கள்.

இனி நன்றி. அக்காவை ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிக் கொண்டுபோன பாண் ஃபக்டரித் தோழிகளுக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், கிரியைகளைச் செய்த ஐயருக்கும், மலர்வளையம் வைத்தோருக்கும், தூர இடங்களிலிருந்து வந்தோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபிப்பா. பெரியண்ணைக்கும் நன்றி. சண்டை பிடித்தாலும் பாடையின் முன்காலைப் பிடித்தவர் அவர்தான்.

இதோடு முடித்து மலரை அச்சகத்துக்குக் கொடுக்கப் புறப்பட்டேன். அன்று காலை மிஸிஸ் டிலேனி ரெலிபோன் எடுத்தார். யாரோ வவுனியாவிலிருந்து தன் வீட்டு நம்பருக்கு எடுத்து அக்காவைக் கேட்டாராம். பெயர் சொன்னாராம். அத்தானின் பெயர்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை," என்றார் அந்தக் கிழவி. "உன் நம்பரைக் கொடுத்தேன். எடுப்பான். சொல்ல வேண்டியவன் நீ."

ரெலிபோனுக்கு முன்னால் இருந்தேன். அந்த அலுமாரி நிறைந்த பாட்டுகளில் இப்படி ஒன்று இல்லை. போனவள் போய்விட்டாள், வாசலில் நின்றவர் இருக்கிறார். மணி அடித்தது.

அத்தானின் அதே ஆறுதலான குரல். செல் துண்டு காலில் பட்டதையும், யாரோ தூக்கி வள்ளத்தில் ஏற்றியதையும், தாயாரோடு ரெலிபோன் வசதியில்லாத முல்லைத்தீவுப் பக்கம் இருந்ததையும் சொன்னார். "ஏழெட்டுக் கடிதம் ஆக்களிட்டைக் குடுத்துவிட்டனான், ஒண்டும் வரேல்லையோ?" என்றார். "அம்மா போன மாசம் காலமாயிட்டா. இனி நான் வரலாம். அவவிட்டைக் குடும், நானே சொல்லுறன்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அத்தான் மெல்ல, "பொட்டோடையோ அனுப்பினனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் அத்தான். கூறை கட்டி, பொட்டு வைச்சுத்தான்."

"அப்ப அவ என்னைச் சாகவிடேல்லை," என்றார் அத்தான்.